எது போட்டாலும் விழுந்த சுவிட்ச்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சின்னமனூரில் எங்களுக்கு ஒரு எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. அன்றைக்குச் சரக்கு எடுக்க என் வீட்டுக்காரர் மதுரைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

இப்படி நான் தனியாக உட்கார்ந்திருக்கும் நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணன் இல்லையா?" என்பதுதான். ஒரு சுவிட்ச் வாங்க வந்தவர்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள். என் வீட்டுக்காரர் பி.காம். இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது? "அவுக வெளியூர் போயிருக்காக, என்ன வேணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பேன். உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொள்வேன். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று பதினொரு மணி வாக்கில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் விறுவிறுவென்று படியேறி வந்தார். குச்சனூர் பக்கத்துக் கிராமம், வாழை விவசாயம். கடைக்கு நாலைந்து தடவை வந்த முகம்தான். அவர் "அண்ணன் இல்லையா" என்றுகூடக் கேட்கவில்லை. கையில் இருந்த சாமானை மேஜை மேல் பொத்தென்று வைத்தார்.

"இந்தாத்தா, நீயே வச்சுக்க. ரெண்டாவதும் போச்சு. டூப்ளிகேட்டா வாங்கி அடுக்கி வச்சுக்கிட்டு யாவாரம் பண்றீக."

அவர் வைத்தது ஆர்.சி.சி.பி. மெயின் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பாதுகாப்பு சுவிட்ச். வீட்டுக்குள் போகிற மின்சாரமும் வேலையை முடித்துத் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். திரும்பி வருவது ஓர் அளவுக்கு மேல் குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கண் மூடித் திறப்பதற்குள் தானே விழுந்து வீட்டு மின்சாரத்தையே நிறுத்திவிடும். ஷாக் அடித்து ஆள் சாகாமல் காப்பாற்றுகிற சாமான் அது.

அவர் வீட்டில் அது சும்மா சும்மா விழுந்துகொண்டே இருந்தது. முதலில் இருந்ததைக் கழற்றிவிட்டு எங்கள் கடையில் ஒன்று வாங்கினார். அதுவும் விழுந்தது. வேறு கம்பெனி சாமானாக இன்னொன்று வாங்கினார். அதைத்தான் இப்போது கொண்டுவந்து போட்டிருக்கிறார்.

டூப்ளிகேட் என்றதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நாலு வார்த்தை சூடாகக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு சந்தேகம் வந்து, அதைக் கேட்டேன். சாமான் இங்கே இருக்கிறதே, வீட்டில் எப்படி மின்சாரம் ஓடுகிறது?

"வயர்மேன் டைரக்ட்டு குடுத்துட்டாரு. நேத்துலருந்து ஒரு தொந்தரவும் இல்ல" என்றார், நிம்மதியாக.

டைரக்ட் என்றால் அந்தப் பாதுகாப்பு சுவிட்சே இல்லாமல் நேராக வீட்டுக்குள் மின்சாரத்தைக் கொடுத்துவிடுவது. எங்கள் பக்கம் இது சர்வ சாதாரணம். தொந்தரவு இருக்காதுதான். ஷாக் அடித்தால் காப்பாற்றவும் ஒன்றும் இருக்காது.

"வீட்டுல யார் யாரு இருக்கீக?" என்று கேட்டேன்.

"நானு, வீட்டுக்காரி. மக பிரசவத்துக்கு வந்திருக்கு. எட்டு மாசம்."

"குளிக்க வெந்நி எப்படிப் போடுறீக?"

"வாளியில ஹீட்டர் கம்பியப் போட்டுத்தேன்."

எட்டு மாதக் கர்ப்பிணி, ஈரத் தரை, தண்ணீர் வாளிக்குள் மின்சாரக் கம்பி, பாதுகாப்புக்கு ஒன்றுமே இல்லை. நான் எழுந்து ஷட்டரை இழுத்தேன். பகல் நேரத்தில் அந்தக் கடையின் ஷட்டர் சாவு, கல்யாணம் தவிர இறங்கியதே கிடையாது. விற்பனைக்கு வைத்திருந்த ஒரு மல்டிமீட்டரை அட்டைப்பெட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். டெஸ்டர், கட்டிங் பிளையர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவர் கொண்டுவந்த அதே ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் கூடையில் போட்டு ஸ்கூட்டியில் மாட்டினேன்.

"நீயா வரப்போற?" என்றார் அவர்.

"நாந்தேன். முன்னாடி போங்க" என்றேன்.

போகிற வழியெல்லாம் தைரியமாகத்தான் இருந்தது. குச்சனூர் ரோட்டில் திரும்பியதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. உண்மையைச் சொல்கிறேன், படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு கடை. அடுத்தவர் வீட்டு மெயின் பெட்டியை நான் ஒரு நாளும் தனியாகத் திறந்ததில்லை.

வீடு கட்டி இரண்டு வருடம்தான் இருக்கும். கான்கிரீட் கூரை போட்ட பளிச்சென்ற காரை வீடு, முன்னால் இரும்பு கேட். அவர் மனைவி வெளியே வந்து என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. கை நிறைய வளைகாப்பு வளையல். முகத்தில் மட்டும் களையே இல்லை.

மெயினை நிறுத்திவிட்டு டைரக்ட் கொடுத்திருந்த வயரைக் கழற்றினேன். ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப மாட்டினேன். மறுபடி மெயினைப் போட்டேன். லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஒன்றும் விழவில்லை. "மோட்டாரப் போடுங்க" என்றேன். போட்டார்கள். டக்கென்று விழுந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீகளா, மோட்டார்லதான் லீக்கு. காயில் போயிருக்கும். ரீவைண்டிங் குடுங்க" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

அவர் என்னையே பார்த்தார். "போன மாசம் போன்ல நீ இதையேதானத்தா சொன்ன? நீ சொன்னேன்னுதேன் புதுசாச் சுத்திப் போட்டோம்."

எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. கடையில் கூட்டமாக இருந்தபோது யாரோ போனில் கேட்க, போகிற போக்கில் சொல்லியிருக்கிறேன். நல்ல மோட்டாரைப் பிரித்துச் சுற்ற வைத்திருக்கிறேன். அங்கேயே பூமி பிளந்தால் உள்ளே இறங்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து வயர்மேன் அண்ணன் வந்து சேர்ந்தார். எங்கள் கடைக்கு வாடிக்கையானவர். பார்க்கிற வேலைக்கெல்லாம் எங்களிடம்தான் சாமான் எடுப்பார். அவர் கொடுத்த டைரக்ட்டை நான் கழற்றிப் போட்டிருக்கிறேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"நாங்க பாக்காததாம்மா? ஒரு ஒரு எம்.சி.பி.யா எறக்கிப் பாத்தாச்சு. எல்லாத்தையும் எறக்கிட்டு மோட்டார் ஒண்ண மட்டும் போட்டாலும் விழுது. மோட்டார நிறுத்திட்டு மிக்சி போட்டா அதுக்கும் விழுது. கிரைண்டருக்கும் விழுது. எத்தனையத்தேன் மாத்தச் சொல்றது?"

எம்.சி.பி. என்பது ஒவ்வொரு அறைக்கும், ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் சின்ன சுவிட்ச். அவர் சொன்னதை நானும் செய்து பார்த்தேன். சொன்னபடியே நடந்தது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன், அதற்கும் விழுந்தது. மிக்சி அடுப்படி லைன், மோட்டார் தனி லைன், இஸ்திரிப் பெட்டி படுக்கையறை லைன். மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக முடியுமா? எனக்கு வியர்த்துக் கொட்டியது. வாசலில் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் வேறு கூடிவிட்டார்கள். பொம்பளை வயர்மேன் வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

"மூணு சனிக்கிழம குச்சனூரு சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி எள்ளு வெளக்குப் போட்டாச்சு ஆத்தா" என்றார் அந்த அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. ஆறுதல் சொல்கிறாரா, கிளம்பு என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது நிஜம்.

அப்போது அந்த வீட்டு மகள் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றது.

"அக்கா, நான் வந்ததுலருந்துதேன் இப்படி விழுதுன்னு சொல்றாக. நான் தொட்டாத்தேன் போகுதாம். பதினஞ்சு நாளா ஒரு சுவிட்சக்கூட நான் தொடல. அப்பயும் விழுகுது."

மெதுவாகத்தான் சொன்னது. ஆனால் அதன் கண் வாசலில் நின்றவர்கள் மேல் இருந்தது. அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. புள்ளை வந்த நேரம் சரியில்லை என்று தெருவில் ஒரு பேச்சு ஓடியிருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்த்து இப்படிப் பேச எப்படி மனம் வருகிறதோ! அது புகுந்த வீடு வரைக்கும் இந்தப் பேச்சுப் போனால் என்ன ஆகும்? எனக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது. அந்தக் கோபத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

மோரைக் குடித்துக்கொண்டே அது சொன்னதை யோசித்தேன். தொட்டவர் மேல் பழி. நானும் அதையேதான் செய்திருக்கிறேன். மோட்டார் போட்டால் விழுகிறதா, மோட்டார்தான் குற்றவாளி. மிக்சி போட்டால் விழுகிறதா, மிக்சி. ஓடுகிறதை எல்லாம் பிடித்து அடைத்தோமே தவிர, ஓடாமல் சும்மா இருக்கிறதை யாருமே பார்க்கவில்லை.

சட்டென்று பாலிடெக்னிக் லேப் ஞாபகம் வந்தது. எம்.சி.பி.யை இறக்கினால் மின்சாரம் உள்ளே போகிற வயர்தான் துண்டாகும். திரும்பி வருகிற நியூட்ரல் வயர் துண்டாகாது. எல்லா அறைகளின் நியூட்ரல் வயர்களும் பெட்டிக்குள் ஒரே பித்தளைப் பட்டையில்தான் சேர்ந்திருக்கும். ஏதோ ஒரு அறையின் நியூட்ரல், எர்த் வயரைத் தொட்டுக்கொண்டிருந்தால்? மோட்டாரோ மிக்சியோ ஓடும்போது திரும்பி வருகிற மின்சாரத்தில் கொஞ்சம் அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும். கணக்குக் குறையும். சுவிட்ச் விழும். லைட்டும் ஃபேனும் இழுக்கிற மின்சாரம் கொஞ்சம்தான், அதில் கசிவது சுவிட்ச் விழுகிற அளவுக்கு வராது. தப்புச் செய்தவன் ஓர் அறையில் சத்தமில்லாமல் கிடப்பான், அடி வாங்குவது வேலை செய்கிறவன்.

மெயினை நிறுத்தினேன். பட்டையிலிருந்து நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மொத்தம் ஐந்து. வயர்மேன் அண்ணன் சுவரைவிட்டு நிமிர்ந்தார். மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, இன்னொரு முனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டேன். இரண்டும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் மீட்டர் கத்தும். மோட்டார் லைன், சத்தமில்லை. அடுப்படி, இல்லை. படுக்கையறை, இல்லை. மாடி, இல்லை. ஐந்தாவதைத் தொட்டேன்.

பீ…ப் என்று கத்தியது. வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு பிடித்த சத்தம் வேறு கிடையாது.

அது ஹால் லைன். "ஹால்ல டிவியும் ஃபேனுந்தான? அதுக்கு ஒரு நாளும் விழுந்ததில்லையே" என்றார் வயர்மேன் அண்ணன். "அதனாலதேன் அத யாரும் பாக்கலண்ணே" என்றேன். டிவி பிளக்கைப் பிடுங்கினோம், மீட்டர் கத்தியது. ஃபேன் வயரைக் கழற்றினோம், கத்தியது. கூரையில் இருந்த ஜங்ஷன் பெட்டியை அவரே ஏணி போட்டுத் திறந்து, வாசல் சுவிட்ச் போர்டுக்கு இறங்குகிற வயரைப் பிரித்தார். கீழே போர்டு பக்கமும் நான் கழற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றிலும் சேராமல் அந்தத் துண்டு வயர் தனியாகத் தொங்கியது. அப்போதும் கத்தியது. அப்படியென்றால் கோளாறு சுவருக்குள், அந்த ஆறடிக் குழாய்க்குள்தான்.

போர்டிலிருந்து நேர் கோடாக மேலே பார்த்துக்கொண்டே போனேன். வாசல் நிலையை ஒட்டி, தலைக்கு மேலே ஒரு ஆணி. ஆணியில் காய்ந்துபோன ஒரு கொத்து: பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ. போகியன்று கட்டிய காப்பு. கெட்டது எதுவும் வீட்டுக்குள் அண்டக் கூடாது என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கட்டுவோம். ஓட்டு வீடாக இருந்தால் கூரை விளிம்பில், இறவாணத்தில் செருகிவிடலாம். காரை வீட்டில் எங்கே செருகுவது?

"இந்த ஆணி எப்ப அடிச்சது?" என்றேன்.

அந்த அம்மாதான் சொன்னார். "போன வருசம் கேட்டுலதேன் கட்டுனோம். இந்த வருசம் மக மாசமா இருக்கு, தை பொறந்ததும் கூட்டியாரப் போறோம், நெலைக்கு மேல கட்டுனா நல்லதுன்னு… நாந்தேன் அடிச்சேன். சொவத்துக்குள்ள வயரு போகும்னு நான் என்னத்தக் கண்டேன்."

"மொதத் தடவ எப்ப விழுந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் கணவர் மோவாயைத் தடவினார். "மாட்டுப்பொங்க அன்னைக்கு. இவ கிரைண்டர் போட்டா, டக்குனு போச்சு. வோல்டேஜுன்னு நெனச்சு விட்டுட்டோம்."

"மக எப்ப வந்துச்சு?"

"அது, அஞ்சாறு நா கழிச்சு…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வாசலில் நின்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "அப்ப புள்ள வாரதுக்கு முன்னாடியே விழுந்திருக்கு."

காப்பை அடுத்த பொங்கல் வரைக்கும் எடுக்கக் கூடாது. அந்த அம்மா தயங்கியதைப் பார்த்து, "எறிய வேணாம், பழையபடி கேட்டுல கட்டிருங்க" என்றேன். கும்பிட்டுவிட்டு அவிழ்த்தார். நான் ஏணியில் ஏறி, பிளையரால் ஆணியைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தேன். கீழே மீட்டரைப் பிடித்திருந்தது வயர்மேன் அண்ணன். ஆணி வெளியே வந்த அந்த நொடியில் மீட்டர் வாயை மூடியது. ஆணியின் நுனியில் இரண்டு துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கறுப்பு நியூட்ரல் வயரின் தோலும் பச்சை எர்த் வயரின் தோலும்.

அந்தக் குழாய்க்குப் புது வயர் இழுத்தது வயர்மேன் அண்ணன்தான். எனக்கு அந்தக் கைப்பழக்கம் கிடையாது, அவர் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். இழுத்துக்கொண்டே, யாருக்கும் கேட்காதபடி, "நியூட்ரலக் கழட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல தங்கச்சி" என்றார். "எனக்கும் தோணலண்ணே, நல்ல மோட்டாரயே சுத்த வச்சவ நான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

எல்லாவற்றையும் மாட்டி மெயினைப் போட்டதும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "வா, ஒவ்வொண்ணா நீயே போடு."

அது அம்மாவைப் பார்த்தது. பிறகு மோட்டாரைப் போட்டது. விழவில்லை. மிக்சி. விழவில்லை. கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, எல்லாம் ஒன்றாக. வீடே ரைஸ் மில் மாதிரி இரைந்தது, ஒன்றும் விழவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே அது வளையல் குலுங்கச் சிரித்ததே, அதைப் பார்க்க இன்னும் எத்தனை வீட்டு மெயின் பெட்டி வேண்டுமானாலும் திறக்கலாம். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் தலையைத் தடவினார்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனைக் காட்டினேன். "இத அமுக்கு. இப்ப விழணும். விழுந்தாத்தேன் நல்லது." அது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அமுக்கியது. டக்கென்று விழுந்தது. ஒரு மாதமாக அந்தச் சத்தத்துக்குப் பயந்துகொண்டிருந்த வீடு, அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைக் கேட்டுக் கை தட்டியது. "மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க, டைரக்ட்டு மட்டும் எவரு சொன்னாலும் குடுக்காதீக" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த விவசாயி ஒரு தார் பூவன் பழத்தை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டினார். டூப்ளிகேட் என்று சொன்னதற்கு வாயால் மன்னிப்புக் கேட்கவில்லை, கயிற்றை மட்டும் நாலு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

மாலையில் வந்த வீட்டுக்காரர், பகலில் ஷட்டர் இறங்கியிருந்த செய்தியை யாரோ சொல்லிக் கேட்டுப் பதறிப்போயிருந்தார். நடந்ததைச் சொல்லி ஆணியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே மீட்டர் ஒண்ணு உன் கூடையிலயே கெடக்கட்டும்" என்றார். ஆணி இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது.

பங்குனிக் கடைசியில் அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. வயர்மேன் அண்ணன் இப்போது சிக்கலான வேலை என்றால் அங்கிருந்தே போன் போடுகிறார். "தங்கச்சி, நியூட்ரலக் கழட்டிட்டேன், அடுத்து எதப் பாக்கட்டும்?" என்று அவர் கேட்கும்போது கடையில் நாலு பேர் இருந்தால் போனை வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடுவேன். பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன போகியன்று காலையில் அந்தப் பெண்ணிடமிருந்து போன். பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. "அக்கா, காப்புக் கட்ட அம்மா கையில சுத்தியலோட நிக்கிறாக. ஒங்களக் கேக்காம அடிக்க மாட்டாகளாம். எங்கன அடிக்கட்டும்?" போர்டுக்கு நேர் மேலே வேண்டாம், நிலைக்கு மறுபக்கம் அடிக்கச் சொன்னேன். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் "அண்ணன் இல்லையா?" என்று இன்றைக்கும் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் குச்சனூர் பக்கத்தில் ஒரு வீட்டில் என்னைக் கேட்காமல் ஆணிகூட அடிப்பதில்லை என்பது ஞாபகம் வந்தால், இப்போதெல்லாம் பல்லைக் கடிக்காமலே சிரிக்க முடிகிறது.